பத்தரைப் பவுண்டுப் படகு

1883-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வடபகுதியில் உள்ள அடிரோண்டாக் மலைக்காட்டு ஏரிகளில் ஒரு முதியவர் தன்னந்தனியாகப் படகு வலித்துக்கொண்டு போனார். வயது 61. உயரம் ஐந்தடிக்குச் சற்று மேல். எடை ஐம்பது கிலோவைத் தொடாது. நுரையீரல் நோய் வேறு. தொழில் செருப்புத் தைப்பது. ஊர் பென்சில்வேனியாவில் வெல்ஸ்பரோ. பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ என்ற பத்திரிகையில் ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிவந்தவர்.

அவர் ஏறியிருந்த படகின் நீளம் 9 அடி. எடை பத்தரைப் பவுண்டு, அதாவது ஐந்து கிலோவுக்கும் குறைவு. மளிகைக் கடையில் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பையைவிட லேசான ஒரு மரப்படகு! அதில் உட்கார்ந்தும், அதைத் தோளில் சுமந்தும் 266 மைல் போய்வந்தார் அந்த மனிதர்.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் உண்டு. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க அதே நியூயார்க் மாநிலத்துக்குப் போகிறார். வீட்டருகே ஏரி. சின்ன வயதில் கண்மாயில் தூண்டில் போட்டவர். கை சும்மா இருக்குமா? “கயாக் வாங்கலாமா, கேனோ வாங்கலாமா? என்னென்ன சாமான் வேண்டும்?” என்று கேட்டார். மகளுக்கோ, “இந்த வயசுல தனியா ஏரிக்குப் போகணுமாப்பா?” என்ற கவலை. இரண்டு பேருக்கும் பதில் சொல்ல, கடை விளம்பரத்தைவிட வரலாறு உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் இந்த இரண்டு படகுகளும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம்.

கயாக் வடதுருவப் பகுதியின் படகு. இன்யூட் மக்களும் அவர்களைப் போன்ற பிற கடற்கரை மக்களும், கரை ஒதுங்கிய மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன்மேல் நீர்நாய் போன்ற கடல்விலங்கான சீலின் தோலை இழுத்துத் தைத்தார்கள். மேற்புறமும் மூடியிருக்கும், ஆள் இறங்கி உட்கார ஒரு துளை மட்டும். சட்டை தைப்பதுபோல் ஓட்டுகிறவரின் உடலளவுக்குச் செய்வார்கள். துடுப்புக்கு இரு பக்கமும் அலகு உண்டு. பெரும்பாலும் அது வேட்டைக்கான படகு.

கேனோ காட்டு ஆறுகளின் படகு. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பிர்ச் மரப்பட்டையை அகலமாக உரித்து, செடார் மரத்தால் விலா வைத்து, ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரால் தைத்து, அதன் பிசினோடு கொழுப்பைச் சேர்த்துப் பூசி மூட்டுகளை அடைத்தார்கள். நம் நாட்டில் காஷ்மீரத்துப் பழைய சுவடிகள் எழுதப்பட்ட பூர்ஜபத்திரம் இருக்கிறதே, அதுவும் பிர்ச் இனத்து மரத்தின் பட்டைதான். இங்கே ஏடாக ஆனது, அங்கே படகாக ஆயிற்று. கேனோவின் மேற்புறம் திறந்திருக்கும். துடுப்புக்கு ஓர் அலகுதான்.

பட்டைக் கேனோவின் பெருமை அதன் வேகத்தில் இல்லை. தூக்க முடிவதில் இருக்கிறது. அந்த நாட்டில் ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே மேடும் காடும் குறுக்கிடும். அருவி வந்தால் ஆற்றைவிட்டு இறங்க வேண்டும். அங்கெல்லாம் படகைத் தலைக்குமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு நடப்பார்கள். கிழிந்தாலும் கவலையில்லை. ஒட்டுப்போடப் பட்டையும் பிசினும் கரையிலேயே கிடைக்கும்.

இனி சியர்ஸுக்கு வருவோம். 1869-இல் வில்லியம் மரி என்ற பாதிரியார் அடிரோண்டாக் காட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுத, நகரத்துக் கனவான்கள் ட்ரவுட் மீன் பிடிக்கக் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது வழக்கம். படகு அவருடையது. சுமார் 16 அடி நீளம், முப்பது கிலோ எடை. வலிப்பது, சுமப்பது, சமைப்பது எல்லாம் அவர். கனவான் தூண்டிலைப் பிடித்தால் போதும்.

இதற்கெல்லாம் காசு வேண்டாமா? செருப்புத் தைக்கிறவரிடம் ஏது அவ்வளவு காசு? உழைத்துக் களைத்தவனுக்கும் காடும் ஏரியும் வேண்டும், அதற்கு அவன் வழிகாட்டி இல்லாமல் தானே போக முடிய வேண்டும் என்பது சியர்ஸின் பிடிவாதம். அதற்குத் தன்னைப் போன்ற மெலிந்த ஆளும் தூக்கக்கூடிய படகு தேவை.

நியூயார்க் மாநிலத்துக் கேன்டன் ஊரில் ஜே. ஹென்றி ரஷ்டன் என்ற படகு ஆசாரி இருந்தார். மெல்லிய செடார் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியுமாறு அடுக்கிப் படகு கட்டுவதில் கைதேர்ந்தவர். அவரிடம் சியர்ஸ் எழுதிக் கேட்டார். 1880-இல் வந்த முதல் படகு 18 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டுப் படகு 16 பவுண்டு. 1883-இல் வந்ததுதான் பத்தரைப் பவுண்டுப் படகு. அதற்கு ‘சேரி கேம்ப்’ என்று பெயர் வைத்தார். அது சார்லஸ் டிக்கன்ஸ் நாவலில் வரும் ஒரு செவிலியின் பெயர். அந்த அம்மாள் தண்ணீரைத் தொடமாட்டாள். நம்மூரில் சொல்லும் ‘தண்ணி’ மட்டும்தான். தண்ணீர் உள்ளே புகாத படகுக்குப் பொருத்தமான பெயர்தான்!

இந்தப் படகு கேனோவா, கயாக்கா? கேனோவைப் போல மேற்புறம் திறந்திருக்கும். ஆனால் ஓட்டுகிறவர் கயாக்கில் போல அடித்தளத்தில் உட்கார்ந்து, இருபக்க அலகுத் துடுப்பால் வலிப்பார். ஆகவே பெயரைப் பற்றிய சண்டை 140 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பேன். சியர்ஸ் பார்த்தது பெயரை அல்ல. நான் எவ்வளவு தூக்குவேன், எங்கிருந்து எங்கே தூக்கிப் போக வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைத்தான் அவர் கேட்டார்.

சாமான் விஷயத்திலும் அதே கணக்கு. படகு, மாற்றுத் துணி, போர்வைப் பை, இரண்டு நாள் உணவு, சிறு கோடரி, தூண்டில் கோல், முதுகுப் பை எல்லாம் சேர்த்து ஒரு நீண்ட பயணத்தில் 26 பவுண்டைத் தாண்டவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். 12 கிலோ! விமானத்தில் நாம் கையோடு எடுத்துப்போகும் பையும் தோள்பையும் சேர்ந்தால் அவ்வளவு வரும். 1884-இல் வந்த அவருடைய ‘உட்கிராஃப்ட்’ என்ற புத்தகத்தில் கொசு, பூச்சிக்கு ஒரு தைலமும் சொல்கிறார். பைன் தார் மூன்று பங்கு, பென்னிராயல் என்ற புதினா வகை எண்ணெய் ஒரு பங்கு, இவற்றோடு இரண்டு பங்கு விளக்கெண்ணெய். சிறு தீயில் காய்ச்ச வேண்டும். நம் பாட்டிமார் படித்தால் தலையாட்டுவார்கள்.

ஆனால் அவ்வளவு மெல்லிய படகு எல்லாருக்கும் ஆகாது. பாறையில் மோதினால் போயிற்று. எனவே அதன்பின் வந்தவை வேறு வழியில் போயின. மெய்ன் மாநிலத்தில் 1870-களிலிருந்தே பட்டைக்குப் பதில் கித்தான் துணியை மரச்சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டி வர்ணம் பூசிய கேனோக்கள் வரத்தொடங்கியிருந்தன. அழகானவை, தண்ணீரில் சத்தமில்லாமல் போகிறவை. ஆனால் ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். நனைந்தால் எடை கூடும்.

அந்த எடையால் தோள் வலித்த ஒருவரால்தான் அடுத்த மாற்றம் வந்தது. 1944-இல், க்ரம்மன் விமானக் கம்பெனியின் துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன் அதே அடிரோண்டாக் காட்டுக்குப் போயிருந்தார். கனத்த கித்தான் கேனோவைச் சுமந்து நடந்தவருக்கு, விமானம் செய்யும் அலுமினியத்தில் படகு செய்தால் என்ன என்று தோன்றியது. போர் முடியும் காலம்; விமான ஆர்டர்கள் குறையப் போகின்றன. 1945-இல் க்ரம்மன் கேனோ வந்தது. 13 அடிப் படகு 38 பவுண்டு, அதாவது 17 கிலோ. வெயிலிலும் பனியிலும் போட்டுவைக்கலாம். வாடகைப் படகுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். குறை என்ன? கல்லில் இடித்தால் அண்டா உருண்டதுபோல் சத்தம் கேட்கும், மீன் ஓடிவிடும். குளிரில் தொட்டால் உறையும்.

பிறகு பிளாஸ்டிக் காலம். அச்சில் வார்த்த பாலிஎத்திலீன் கயாக்குகள் 1970-களில் தொடங்கி மலிவாகக் கிடைத்தன. அவற்றில் ஒருவகை, உள்ளே இறங்காமல் மேலேயே உட்காரும் கயாக். ஏறிய தண்ணீர் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். நமக்கு இது புதிதா என்ன? ஆள் மேலே உட்கார, அலை ஏறி அலை வடிகிற கட்டுமரம் சோழமண்டலக் கரையில் காலங்காலமாக ஓடுகிறது. அந்தச் சொல்லை ஆங்கிலம் 17-ஆம் நூற்றாண்டிலேயே நம்மிடம் வாங்கிக்கொண்டது.

1997-இல் ஹோபி கம்பெனி காலால் மிதித்து ஓட்டும் கயாக்கைக் கொண்டுவந்தது. கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சம். மீன்பிடிக்கிறவர்களுக்கு இது பெரிய வசதிதான். ஆனால் மிதி, நாற்காலி, கோல் தாங்கி, மீன் காட்டும் கருவி என்று சேர்த்துச் சேர்த்து, இன்று 45 கிலோவைத் தாண்டிய மீன்பிடிக் கயாக்குகள் விற்பனையில் உண்டு. ஐந்து கிலோவில் முதியவர் ஒருவர் முடித்த வேலைக்கு, இன்று படகைக் கரைக்குக் கொண்டுபோகவே சக்கர வண்டி வேண்டியிருக்கிறது.

தூண்டிலின் கதை இதற்கு நேர்மாறு. அது லேசாகிக்கொண்டே வந்தது. சியர்ஸ் காலத்தில் நல்ல கோல் என்றால் மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டிச் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்ணாடியிழை வந்தது. 1970-களில் கார்பன் இழை வந்தது. பட்டு நூலின் இடத்தை நைலான் நரம்பு பிடித்தது. நம் கடலோரத்தில் தங்கூசி என்பது இதைத்தான். இன்று ஒரு சாதாரணக் கோலும் ரீலும் அரைக் கிலோ சுமாருக்கே வரும். ஆகவே சாமானில் காசை எங்கே குறைக்கலாம் என்று கேட்டால், கோலில் குறைக்கலாம்.

குறைக்கக் கூடாதது ஒன்று உண்டு: உயிர்காப்பு அங்கி. முதலில் அதற்குள் தக்கை வைத்துத் தைத்தார்கள். பிறகு இலவம்பஞ்சு. மெழுகுப் பூச்சுள்ள, உள்ளீடற்ற இழை. தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஜாவாவிலிருந்துதான் பெரும்பகுதி போயிற்று. போரில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்கக் கடற்படைக்கு இலவம்பஞ்சு நின்றுபோனது. மாற்றாக அவர்கள் கண்டுபிடித்தது ‘மில்க்வீட்’ என்ற களைச்செடியின் பஞ்சு. அது நம் எருக்கின் குடும்பத்துச் செடி. 1944-இல் பள்ளிப் பிள்ளைகள் சாலையோரமெல்லாம் காய் பறித்தார்கள். இரண்டு பை காய் ஓர் உயிரைக் காக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. தலையணைப் பஞ்சும், ஊதி விளையாடும் எருக்கம்பஞ்சின் உறவும் கடலில் மனிதனை மிதக்கவைத்திருக்கின்றன. இப்போது அந்த இடத்தில் நுரைப் பொருள் வந்துவிட்டது.

அமெரிக்கச் சட்டப்படி படகில் ஆளுக்கொன்று இருந்தாக வேண்டும். ஆனால் படகில் இருப்பது வேறு, உடம்பில் இருப்பது வேறு. படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் அதை அணியாதவர்கள் என்று அந்நாட்டுக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. அங்கே மே மாதத்தில் வெயில் இதமாக இருக்கும். ஏரித் தண்ணீரோ பனி உருகிய குளிரில் இருக்கும். விழுந்த நொடியில் மூச்சு திணறும். நன்றாக நீந்துகிறவருக்கும் கை கால் ஓயும். காவிரியில் நீந்திய அனுபவம் அங்கே கைகொடுக்காது.

நண்பருக்கு நான் எழுதிய பதில் இதுதான். கடையில் படகைப் பார்த்ததும் விலையைக் கேட்காதீர்கள். தரையிலிருந்து அதை நீங்களே இடுப்புவரை தூக்கிப் பாருங்கள். கார் கூரைமேல் ஏற்றிப் பாருங்கள். முடிந்தால் பேச்சைத் தொடருங்கள். வீட்டுவாசலே ஏரிக்கரை என்றால் கொஞ்சம் கனத்த, அகலமான, மேலே உட்காரும் கயாக் நல்லது. அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வேகமும் குறையும். காலை மடக்க முடியாத முட்டிவலிக்காரருக்கு உயரமான இருக்கை வைத்ததே சரி. பேரனையும் கூட்டிப்போக ஆசையென்றால் கேனோ நல்லது, ஒற்றையாள் கயாக்கில் இடமிராது. நடந்து சுமக்க வேண்டுமென்றால் ரஷ்டன் வழியில் வந்த லேசான ஒற்றையாள் கேனோ. விலை கூடுதல், தோளுக்குச் சுகம். 16 வயதுக்கு மேற்பட்டவர் அந்த மாநிலத்து ஏரியில் தூண்டில் போட உரிமச் சீட்டு வாங்க வேண்டும். விசிலொன்று கழுத்தில் தொங்கட்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மகளுக்கும் ஒரு வரி எழுதினேன். “அம்மா, அப்பாவைத் தடுக்க வேண்டாம். அங்கியைப் போட்டுக்கொள்ளாமல் துடுப்பைத் தொடக் கூடாது என்று மட்டும் கண்டிஷன் போடு.”

சியர்ஸ் 1890-இல் இறந்தார். சேரி கேம்ப் இன்றும் இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உடைமை. அடிரோண்டாக்கின் ப்ளூ மவுன்டன் லேக் ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நண்பரின் மகள் வீட்டிலிருந்து காரில் போய்வரலாம். படகு வாங்குமுன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.