தோலும் மூட்டும்: ஒரு நோய் தனிப்பெயர் பெற்ற வரலாறு

சோரியாசிஸ் என்னும் தோல்நோயால் வருந்துவோருள் ஒரு சாராருக்கு மூட்டுக்களும் வீங்கி, வலித்து, நாளடைவிற் சிதைவதுண்டு. இது தனியொரு நோயா, அன்றி இரு நோய்கள் ஓருடலில் தற்செயலாய்ச் சந்தித்தமையா என்ற வினா, மருத்துவ உலகை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அலைக்கழித்தது.

தொடர்பை முதலில் நோக்கியோர் பிரெஞ்சு மருத்துவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலிபேர் அதனைக் குறிப்பிட்டார். 1860இல் பஸான் அதற்குப் பெயருமிட்டார். 1888இல் பூர்டியோன் தமது ஆய்வேட்டினையே அதற்கு ஒதுக்கினார். எனினும் பின்வந்தோர் பலர் இதனை வாத மூட்டழற்சியின் வேறொரு தோற்றமென்றே கொண்டனர். கண்ணாற் கண்டதை நிறுவுதற்கு அவர்களிடம் அளவுகோல் இருக்கவில்லை.

அவ்வளவுகோல் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1940இல் வாலரும் 1948இல் றோஸும் வாத மூட்டழற்சி நோயாளரின் குருதியிற் காணப்படும் ஒரு காரணியை இனங்காட்டினர். சோரியாசிஸோடு மூட்டுநோயும் கொண்டோரிற் பெரும்பாலாரிடம் அக்காரணி காணப்படவில்லை. ஒன்றின் இன்மையே மற்றொன்றின் இருப்புக்குச் சான்றாயிற்று! இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேர்ணா றைற் (பெயர் கண்டு பெண்ணென மயங்கற்க) விரல் நுனி மூட்டுக்களின் வீக்கம், நகங்களிற் குழிகள், முதுகின் கீழ்மூட்டுக்களின் அழற்சி என இந்நோய்க்கே சிறப்பான கூறுகளைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். 1964இல் அமெரிக்க வாதநோய்ச் சங்கம் இதனைத் தனிநோயாக ஏற்றது. 1973இல் மோலும் றைற்றும் இதன் ஐந்து வடிவங்களை வகுத்துரைத்தனர்.

பெயர் பற்றிய இவ்வழக்கு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. சிதைந்த மூட்டு மீளாது. எனவே காலந்தாழ்த்தி அறிதல் கையின் தொழிலையே பறித்துவிடும். சிகிச்சையோ தோலையும் மூட்டையும் ஒருங்கே நோக்கியபோதுதான் வளர்ந்தது. 1951இல் குப்னரும் உடன் ஆய்வாளரும் மூட்டுவாதத்துக்கு அமினோப்டெரின் கொடுத்தபோது தோற்படையும் மறையக் கண்டனர். அதன் இனத்ததாகிய மெதொட்ரெக்ஸேற் பின்னர் பரவலான வழக்குக்கு வந்தது. 2002இல் எற்றனெர்செப்ற் என்னும் உயிரியல் மருந்து இந்நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

2006இல் வெளிவந்த கஸ்பார் வரையறை, உடலிற் படை இல்லாதவரையும் நகமாற்றம், குடும்ப வரலாறு முதலியவற்றைக் கொண்டு இந்நோயாளராகக் கணிக்க இடமளித்தது. சிலருக்கு மூட்டுவலியே தோற்படைக்கு முந்துமாதலின் இது வேண்டியதே. அதனாலேயே தேர்ந்த மருத்துவர் மூட்டுவலியோடு வருபவரின் தலைமுடியை விலக்கியும், காதின் பின்புறத்தையும் கொப்பூழையும் நோக்கியும், தந்தைக்கோ தாய்க்கோ இப்படை இருந்ததா என்று வினவுகின்றனர்.