திருவண்ணாமலை: அயல்நாட்டாரின் சாலைப் பயணம்

திருவண்ணாமலை தமிழ்நாட்டின் வடபகுதியில் உள்ள கோயில் நகரம். 1989-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான மாவட்டத்துக்கு இதுவே தலைநகர். அருணாசலேசுவரர் கோயிலையும், மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையையும், ரமணாசிரமத்தையும் நாடி அயல்நாட்டார் ஆண்டு முழுவதும் வருகின்றனர். விமான நிலையம் இல்லை, ரயில்கள் குறைவு. அதனால் சென்னையிலோ பெங்களூருவிலோ இறங்குபவர் எஞ்சிய சுமார் இருநூறு கிலோமீட்டரைப் பெரும்பாலும் சாலையில்தான் கடக்கிறார். இங்கே விபத்தில் சிக்காமல் இருக்க ஓட்டும் திறமை மட்டும் போதாது. எந்த நேரத்தில் புறப்படுகிறோம், கையில் என்ன ஆவணம் இருக்கிறது என்பவை அதைவிட முக்கியம்.

அயல்நாட்டார் வருகை

ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து 1950-இல் மறையும்வரை இங்கேயே இருந்தார். ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1931-இல் அவரைச் சந்தித்து 1934-இல் வெளியிட்ட நூல் மேலைநாடுகளில் இவ்வூரின் பெயரைப் பரப்பியது. இன்று அயல்நாட்டார் அதிகம் தங்குவது ஆசிரமத்தை ஒட்டிய ரமண நகர்ப் பகுதியில். வெயில் தணிந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கூட்டம் மிகுதி. ஆசிரமம் செங்கம் சாலையில் உள்ளது. அது தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி என்பதால் நடந்து செல்வோர், வாடகை ஸ்கூட்டர், ஆட்டோ, வெளியூர்ப் பேருந்து, லாரி எல்லாமே ஒரே தார்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன.

சாலைகள்

நகரின் வழியே இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் செல்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்வது 77-ஆம் எண் சாலை. வேலூரிலிருந்து போளூர் வழியாக வந்து விழுப்புரம் நோக்கிச் செல்வது 38-ஆம் எண் சாலை. சென்னையிலிருந்து திண்டிவனம் வரை நடுத்தடுப்புள்ள நால்வழிச் சாலை. அதன்பின் பெரும்பகுதி தடுப்பில்லாத இருவழிச் சாலை. எதிரே வரும் வண்டி முந்தினால் அது நம் தடத்தில்தான் வரும். 2023 அக்டோபரில் மட்டும் செங்கம் அருகே நடந்த இரு நேருக்கு நேர் மோதல்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

ஆவணங்களும் காப்பீடும்

அயல்நாட்டார் இந்தியாவில் வண்டி ஓட்டச் சொந்த நாட்டு உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்திருக்க வேண்டும். இதை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். கார் ஓட்ட மட்டும் உரிமம் உள்ளவரின் அனுமதி, மோட்டார் சைக்கிளுக்குச் செல்லாது.

வாடகை வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்ப்பது அவசியம். கருப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருந்தால், தாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டி. வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு என்றாலும் நடைமுறையில் நடக்கிறது. அத்தகைய வண்டியில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வழியுண்டு. உரிமம் இல்லாமல் ஓட்டியிருந்தால் சொந்த நாட்டில் எடுத்த பயணக் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். தினவாடகையில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

எழுதப்படாத வழக்கங்கள்

வாகனங்கள் இடப்பக்கம் செல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் ஓரமாக எதிர்த்திசையில் வரும் பைக்கை எங்கும் காணலாம். ஹாரன் இங்கே கோபத்தின் அடையாளமல்ல. ‘பின்னால் வருகிறேன்’ என்று சொல்லும் வழி. எதிரே வரும் வண்டி முகப்பு விளக்கைச் சிமிட்டினால், ‘நீ வா’ என்று பொருள் கொள்ளக் கூடாது. ‘நான் வருகிறேன், நீ நில்’ என்பதே பெரும்பாலும் அதன் பொருள். முன்னே போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் அது வலப்பக்கம் திரும்பலாம், அல்லது முந்திச் செல்ல நமக்கு வழிவிடலாம். எது என்று தெரியும்வரை பின்னாலேயே போவது நல்லது. வண்ணம் அழிந்த வேகத்தடைகள் ஊர் முகப்பிலும் பள்ளி அருகிலும் திடீரென எதிர்ப்படும்.

இரவும் மழையும்

அறுவடைக் காலத்தில் நெல், கேழ்வரகு, கொள்ளு முதலியவற்றைச் சாலையிலேயே பரப்பிக் காயவைப்பதும், வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிர விடுவதும் இம்மாவட்டத்தில் வழக்கம். வண்டிகள் விலகிச் செல்ல ஓரத்தில் கற்களை வரிசையாக வைப்பார்கள். தானியத்தை அள்ளிய பிறகும் சில கற்கள் அங்கேயே கிடக்கும், இருட்டில் தெரியாது. பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர், மாடு, தெருநாய், ஓரமாக நடக்கும் பக்தர்கள் என எல்லாம் சேர்வதால், இரவு ஓட்டத்தைத் தவிர்த்து விடிந்ததும் கிளம்புவதே பாதுகாப்பு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண் சரிந்து ஏழு பேர் இறந்தனர். தென்பெண்ணை வெள்ளம் அகரம்பள்ளிப்பட்டில் புதிதாகக் கட்டிய பாலத்தை அடித்துச் சென்றது. மழை நாளில் வரைபடச் செயலி காட்டும் குறுக்குவழியைவிட டீக்கடையில் விசாரிப்பது நம்பகமானது.

பௌர்ணமியும் தீபமும்

பௌர்ணமி, கார்த்திகை தீப நாள்களில் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வருவர். அப்போது நகருக்குள் வாகனங்களைக் கட்டுப்படுத்தி, ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைப்பார்கள். அறை கோயிலருகே இருந்தாலும் கடைசிச் சில கிலோமீட்டர் பெட்டியோடு நடக்க நேரலாம். முதல் நாளே வந்து சேர்வது உத்தமம்.

பேருந்து, டாக்சி, ஆட்டோ

சென்னையில் கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் கிடைக்கும். டாக்சியில் ஒருவழி வந்தாலும் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுவது உண்டு. டிரைவர் பேட்டா, சுங்கக் கட்டணம், கர்நாடகத்துக்கோ புதுச்சேரிக்கோ போனால் பர்மிட் ஆகியவை வாடகையில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் தூங்கினாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுவது வழக்கம்.

விபத்து நேர்ந்தால்

ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், தமிழ்நாட்டுச் சாலைகளில் காயமுற்றவர் அயல்நாட்டாராக இருந்தாலும் பட்டியலிட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, குறித்த தொகை வரை இலவசமாகத் தருகிறது. காயமுற்றவருக்கு உதவுபவர் பெயர் சொல்லக் கட்டாயமில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்கீழ் வகுத்த விதிகள் கூறுகின்றன.

இடித்த ஓட்டுநர் காயமுற்றவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது 134-ஆம் பிரிவு. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாதபோது விலக்கு உண்டு. அப்போதும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். சாலையோரத்திலேயே காசு கொடுத்து முடித்துக்கொள்வது இங்கே சகஜம். சிறு கீறலுக்கு அது போதும். ஒருவருக்குக் காயம் என்றால் காவல் நிலையப் பதிவு தேவை. காப்பீட்டுக் கோரிக்கைக்கு முதலில் கேட்கப்படுவதும் அதன் நகல்தான்.