பாஸ்ககூலா முகாம்

2005இல் கத்ரினா சூறாவளி அமெரிக்கத் தென்கரையைச் சிதைத்தது. மறு ஆண்டில் சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் கப்பல் தளங்களுக்கு நம் நாட்டு வெல்டர்களும் குழாய் பொருத்துநர்களுமாக ஏறத்தாழ 500 பேர் சென்றனர். கிரீன் கார்டு கிடைக்குமென நம்பி, கடன் வாங்கித் தலைக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் முகவரிடம் கட்டியவர்கள் அவர்கள். கிடைத்ததோ தற்காலிக விசா. மிசிசிப்பியின் பாஸ்ககூலா முகாமில் ஓரறையில் 24 பேர். அதற்கும் மாதம் 1,050 டாலர் பிடித்தம்!

அவ்விசா ஒரே முதலாளியோடு பிணைந்தது. வெளியேறினால் நாடு திரும்ப வேண்டும். ஊரிலோ கடன் காத்திருந்தது. சங்கிலி அதுவே, கூலிக்குறைவு அன்று. 2008இல் துணிந்து வெளியேறினர். 2015இல் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் குழு ஐவருக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு விதித்தது, நிறுவனம் திவாலாயிற்று.

குடிபெயர்ந்த தொழிலாளி உள்ளூராரைவிட உரிமையில் தாழலாகாது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே வலியுறுத்தியிருந்தார். தல்லாகுளத்தில் நற்சான்று கேட்டு வரும் இளைஞரிடம், முகவருக்கு எவ்வளவு கட்டினீர் என்றே நாம் முதலில் வினவுகிறோம்.