விஞ்ஞானச் சஞ்சிகைகளும் உசாத்துணை முறையும்

விஞ்ஞானச் சஞ்சிகையொன்றிற்குக் கட்டுரை அனுப்பப் புகும் ஆராய்ச்சியாளன், பரிசோதனைகளை விவரிக்கும்போது அடையாத சலிப்பை, இறுதியில் வரும் உசாத்துணைப் பட்டியலைச் சீர்செய்யும்போது அடைவதுண்டு. ஆசிரியர் பெயரின் பின் வருவது காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, ஆண்டு அடைப்புக்குறிக்குள் அமையவேண்டுமா, சஞ்சிகையின் பெயரை எவ்வளவு சுருக்கலாம் என்னும் வினாக்களுக்குச் சஞ்சிகைக்குச் சஞ்சிகை விடை வேறுபடும். இவை வெறும் சம்பிரதாயங்கள் எனத் தோன்றினும், இவற்றுட் பல ஒரு குறித்த காலத்திலே குறித்த தொழிலைச் செய்தோரின் தேவையிலிருந்து பிறந்தவை என்பது வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாகும்.

1665ஆம் ஆண்டு ஜனவரியிலே பாரிஸிலும், மார்ச் மாதத்திலே இலண்டனிலும் அறிஞருக்கான முதற் சஞ்சிகைகள் வெளிவந்தன. இலண்டன் சஞ்சிகையை நடத்தியவர் றோயல் கழகத்தின் செயலாளரான ஹென்றி ஓல்டன்பேர்க். அக்காலத்தில் விஞ்ஞானம் பயின்றோர் சிறு கூட்டத்தினர். எனவே ஓர் அறிஞரின் பெயரையும் அவர் நூலின் பெயரையும் வாக்கியத்தினிடையே சுருக்கமாகச் சொல்லிச் செல்லுதல் அவர்களுக்குப் போதியதாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சஞ்சிகைகள் பெருகவே அந்நிலை மாறிற்று. அடிக்குறிப்புகள் பக்கத்தின் பாதியை விழுங்கின. ‘மேற்படி நூல்’ என்ற குறிப்பைக் கண்ட வாசகன், அது எந்த நூலென அறிய முப்பது நாற்பது பக்கம் பின்னோக்கிப் புரட்டவேண்டியவனானான்.

இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு வழிகண்டவர் ஹாவாட் பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வேட் லோரன்ஸ் மார்க். ஜேர்மனியில் லைப்சிக் நகரிற் கற்றுத் திரும்பிய அவர், ஓடில்லா நத்தையொன்றின் முட்டை முதிர்ந்து கருவுற்றுப் பிளவுபடும் முறையைப் பற்றிப் பல நூறு பக்கங்கள் கொண்ட ஆய்வொன்றை 1881ஆம் ஆண்டிலே அப்பல்கலைக்கழக விலங்கியல் நூதனசாலையின் வெளியீட்டில் எழுதினார். அதில் முன்னோரின் ஆய்வுகளைச் சுட்டுமிடத்துப் பெயரையும் ஆண்டையும் மாத்திரம் அடைப்புக்குறிக்குள் இட்டு, முழு விபரங்களைக் கட்டுரையின் இறுதிப் பட்டியலுக்கு ஒதுக்கினார். அவ்வாண்டு வாசகனைப் பட்டியலுக்கு வழிகாட்டுவதோடு, அவ்வாய்வு ஏறத்தாழ எக்காலத்தது என்பதையும் உடனே உணர்த்தும் என்பது அவர் தந்த விளக்கம். இன்று ‘ஹாவாட் முறை’ என வழங்குவது இதுவே. இப்பெயரின் தோற்றம் நெடுங்காலம் தெளிவற்றிருந்தது. 1988இலே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதிய எலி சேர்னின் என்பாரே அதனை மார்க்கின் நத்தை ஆய்வுவரை பின்தொடர்ந்து காட்டினார். உலகெங்கும் மாணவரை வருத்தும் ஒரு விதி நத்தையின் முட்டையிலிருந்து புறப்பட்டது என்பது சுவையான செய்தியே.

மருத்துவத்துறை வேறு வழியிற் சென்றது. வாக்கியத்தினிடையே இலக்கமொன்றை மட்டும் இட்டு, அவ்விலக்க ஒழுங்கிலே பட்டியலை அமைத்தல் அதன் வழக்கம். அச்சிடுவோருக்கு இது இடத்தை மிச்சப்படுத்தியது. எழுதுவோருக்கோ புதிதாக ஓர் உசாத்துணையை இடையிற் செருகினால் அதன் பின்வரும் இலக்கங்கள் அனைத்தையும் மாற்றவேண்டிய தொல்லையைத் தந்தது. அன்றியும், ஒரு சஞ்சிகை நிராகரித்த கட்டுரையை மற்றொன்றிற்கு அனுப்புவதாயின், பட்டியல் முழுவதையும் புதிய விதிப்படி மீண்டும் தட்டெழுத்திற் பொறிக்கவேண்டியிருந்தது. 1978 ஜனவரியிலே கனடாவின் வன்கூவர் நகரிற் கூடிய மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர் சிலர், தம் சஞ்சிகைகளுக்கு வரும் கையெழுத்துப்பிரதிகளுக்குப் பொதுவிதிகளை வகுக்க முற்பட்டனர். மறுவருடம் அவை வெளியாயின. உசாத்துணைகளின் வடிவத்தை வகுத்துக் கொடுத்தது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகமாகும். ஜோன் ஷா பில்லிங்ஸ் 1879இலே தொடக்கிவைத்த மருத்துவக் கட்டுரைச் சுட்டியின் வழிவந்த நூலகர்க்கு, கட்டுரைகளை ஒரே அச்சிற் பதிந்துவைக்கும் பயிற்சி ஒரு நூற்றாண்டு பழையது. வன்கூவர் முறை தட்டெழுத்தாளரின் சுமையையும் நூலகரின் அனுபவத்தையும் தாயும் தந்தையுமாகக் கொண்டதெனலாம்.

ஆயினும் உசாத்துணைப் பட்டியலின் மதிப்பை முற்றாக மாற்றியவர் யூஜீன் கார்பீல்ட். அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பைப் பின்வந்த எத்தீர்ப்புகள் எடுத்தாண்டன எனக் காண்பதற்கு 1873 முதல் ஒரு சுட்டியைப் பயன்படுத்தி வந்தனர். அதே முறை விஞ்ஞானத்திற்கும் பொருந்துமென 1955இல் எழுதிய அவர், 1964இலே விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டார். அதுகாறும் வாசகனுக்கு வழிகாட்டியாய் மட்டுமிருந்த பட்டியல், அன்றுதொட்டு ஆராய்ச்சியாளனின் புகழை எண்ணும் கணக்கேடாகவும் ஆயிற்று. தவறாக அச்சிட்ட ஒரு தொகுதி இலக்கமோ பெயரெழுத்தோ ஒருவரின் ஆய்வை வேறொருவரின் கணக்கிலே சேர்த்துவிடும். அல்லது எவர் கணக்கிலும் சேராது விட்டுவிடும்.

இவ்விடத்திலே தமிழர் பெயர்கள் தனிச் சிக்கலாகின்றன. மேனாட்டுப் பட்டியல் குடும்பப் பெயரை முன்னிறுத்தி, இடுபெயரை முதலெழுத்தாகச் சுருக்குவது. தமிழர்க்கோ முன்னெழுத்துத் தந்தையின் பெயர், பின்வருவதே இடுபெயர். பௌதிகத்திற்கு 1930இலே நோபெல் பரிசு பெற்ற சி. வி. இராமனின் தந்தையார் பெயர் சந்திரசேகரர். 1983இல் அப்பரிசைப் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் இராமனின் தமையனார் மகன். பாட்டனாரின் பெயரையே தாங்கியவர். ஆகவே ஒரே பெயர் சிறிய தந்தையாரின் உசாத்துணையில் ஓரெழுத்தாகச் சுருங்கியும், மகனின் உசாத்துணையிற் குடும்பப் பெயர் போல முன்னின்றும் காட்சியளிக்கின்றது. இவ்விருவர்க்கும் அதனாற் கேடு விளையவில்லை. ஆனால் கடவுச்சீட்டிற்காகத் தந்தையின் பெயரைப் பின்னே எழுதத் தொடங்கிய இளைஞனும், விவாகத்தின் பின் முன்னெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளரும் சுட்டிகளிலே இரு வேறு ஆட்களாகப் பிரிந்து நிற்க நேர்கின்றது. 2012 முதல் ஆய்வாளர்க்கு வழங்கப்படும் பதினாறு தான அடையாள இலக்கம் இக்குறையைத் தீர்க்க எழுந்ததே. கட்டுரைகளுக்கு நிலையான எண்ணியல் அடையாளங்களைப் பதிந்து, பதிப்பாளரிடையே இணைப்பை ஏற்படுத்தும் அமைப்பு அதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டில், தோன்றிவிட்டது.

இவ்வளவு ஏற்பாடுகளிருந்தும், வடிவம் செம்மையாயிருப்பின் உள்ளடக்கமும் மெய்யென நம்பும் பழக்கம் மறையவில்லை. பெரிய பதிப்பகமொன்று, எழுதுவோர்க்கான அறிவுறுத்தலில் மாதிரிக்காகக் கற்பனை உசாத்துணையொன்றை இட்டிருந்தது. விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலை என்பது அதன் தலைப்பு; ஆண்டு 2000, தொகுதி 163, பக்கம் 51 முதல் 59 வரை. அப்படியொரு கட்டுரையும் இல்லை, அதைத் தாங்கிய சஞ்சிகையும் இல்லை. எனினும் ஏறக்குறைய 400 கட்டுரைகள் அதனை எடுத்தாண்டிருப்பதாக மேற்கோட் சுட்டி காட்டியமை 2017இலே வெளிப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகள். மாதிரிப் படிவத்திலே தம் கட்டுரையை எழுதியவர்கள் அவ்வரியை அகற்றாது விட்டனர் போலும். 2022இன் பின் பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இத்தகைய உசாத்துணைகளைக் கேட்டவுடன் ஆக்கித் தருகின்றன. அவற்றிலே ஆசிரியர் மெய்யானவர், சஞ்சிகை மெய்யானது, காற்புள்ளியும் பிழையின்றி நிற்கும். அத்தொகுதியைத் தேடியெடுத்து உரிய பக்கத்தைத் திறக்கும் வாசகன், அங்கே வேறொருவர் வேறொரு பொருள்பற்றி எழுதியதையே காண்கின்றான்.