ரிம்பயர் சிறுதுளை ரைபிள்

தோட்டாவின் அடிப்புற விளிம்பில் ஊசி மோதுவதால் வெடிக்கும் சிறு தோட்டாக்களைக் கொண்டு சுடுகிற நீள்குழல் துப்பாக்கிக்கு ரிம்பயர் ரைபிள் என்று பெயர். குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தை நூறாகப் பகுத்ததில் ஏறத்தாழ இருபத்திரண்டு பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர், ஆகையால் இது ‘பாயிண்ட் டூ டூ’ என்றே பெரும்பாலும் வழங்குகிறது. யுத்தகளத்திற்கும் பெருவேட்டைக்கும் போதாத இச்சாதனம், குறிபார்த்துச் சுடுவதையே ஒரு வித்தையாகவும் விநோதமாகவும் கொண்டவர்களிடம் வேறெந்தத் துப்பாக்கியும் பெறாத பிரியத்தைப் பெற்றிருக்கிறது. அந்தப் பிரியத்திற்கு மூல காரணம் அதனுடைய பலக்குறைவே என்பது இதன் சரித்திரத்தை ஆதிமுதல் நோக்குவோருக்கு விளங்கும்.

இதன் பிறப்பிடம் போர்க்களமன்று. பாரிஸ் நகரத்து வீட்டுக் கூடம். 1845-ஆம் ஆண்டளவில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுக்காரர், ஒரு சிறு உலோகக் கிண்ணத்தில் தட்டினால் வெடிக்கும் மருந்தை மட்டும் இட்டு, அதன் வாயில் ஓர் ஈயக் குண்டைப் பொருத்தித் தோட்டாவாக்கினார். வேறு வெடிமருந்து அதில் இல்லை. மழைக்காலத்து மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் மாட்டிய அட்டையைச் சுட்டு மகிழ்வதற்கு அந்த அற்ப சக்தியே போதுமானதாயிருந்தது.

அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஸ்தாபனத்தார் 1857-இல் வெளியிட்ட கைத்துப்பாக்கிக்காக, நான்கு கிரெயின் எடையுள்ள கரிமருந்தும் இருபத்தொன்பது கிரெயின் குண்டும் கொண்ட ‘ஷார்ட்’ என்னும் தோட்டா அமைந்தது. அதன்பின் முப்பதாண்டு சென்று, 1887-இல், மாசச்சூசெட்ஸ் மாகாணத்துச் சிக்கப்பீ ஃபால்ஸ் என்ற ஊரில் இருந்த ஸ்டீவன்ஸ் தொழிற்சாலை, ஐந்து கிரெயின் மருந்தும் நாற்பது கிரெயின் குண்டுமாக ‘லாங் ரைபிள்’ தோட்டாவைக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் புழங்குவது அதுவே.

இத்தோட்டாவைக் கையிலெடுத்துப் பார்த்தால் அதன் நுட்பம் தெரியும். முழு நீளமும் ஓர் அங்குலந்தான். ஈயக் குண்டின்மேல் பூசிய மெழுகு விரல் நுனியில் பிசுபிசுக்கும். பித்தளைக் கூடு காகிதத்தைப் போல மெல்லியது. அடியில் மோதிரம்போல ஓடும் விளிம்பு உள்ளே பொள்ளலாயிருக்கிறது. தட்டினால் வெடிக்கும் மருந்தை ஈரப்பசையாகக் கூட்டுக்குள் இட்டு, கூட்டை அதிவேகமாகச் சுழற்றினால், பசை ஓடி அந்தப் பொள்ளலில் படிந்துவிடும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்க, பசை வெடித்து மருந்தைப் பற்றவைக்கிறது. பசை ஓரிடத்தில் படியாமல் விட்டுப்போய், ஊசியும் தற்செயலாக அதே இடத்தில் விழுந்தால் தோட்டா வெடிக்காது. இவ்வகைத் தோட்டாவின் பிறவிக் குறை இது. விளிம்பு ஒருமுறை நசுங்கியதும் கூடு உபயோகமற்றுப் போவதால், வேறு தோட்டாக்களைப் போல மருந்திட்டு மீண்டும் நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை.

ஊசிக்கு நசுங்கிக் கொடுக்க வேண்டிய விளிம்பு மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய பித்தளையோ பேரழுத்தத்தைத் தாங்காது. ஹென்றி, ஸ்பென்ஸர் முதலியோர் தங்கள் பெயரால் பிரசித்தமான துப்பாக்கிகளுக்கு அமைத்த பெரிய ரிம்பயர் தோட்டாக்கள், நடுவில் அடித்து வெடிக்கும் தோட்டாக்கள் வந்ததும் மெல்ல மெல்ல வழக்கொழிந்ததற்கு இதுவே காரணம். அதிக சக்தியை நாடிய தோட்டாக்கள் போட்டியில் மடிய, சக்தியையே நாடாத சிறு தோட்டா நிலைபெற்றது.

குறிபார்க்கப் பழகுவோனுக்கு முதற் சத்துரு பயம். பெரிய ரைபிளின் உதைப்பையும் பேரொலியையும் இரண்டொரு முறை தோளும் செவியும் அனுபவித்தபின், விசையில் விரல் அழுந்தும்போதே உடல் அவனையறியாமல் சுருங்கிக்கொள்ளும், கண் இமைக்கும், குழல் நுனி குறியை விட்டு விலகும். இந்தப் பழக்கம் படிந்துவிட்டால் அதை நீக்குவது எவ்வளவு கடினம் என்பதைப் பயிற்றுவித்தவர்கள் அறிவார்கள். சிறுதுளை ரைபிளில் உதைப்பு என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. சப்தம் சொற்பம், தோட்டாவின் விலையும் சொற்பம். ஆகவே அப்பியாசத்தை மனம் சலியாமல் நாள்தோறும் செய்யலாம். குழலும் எளிதில் தேய்வதில்லை. பழைய மருந்தினால் குழல் துருப்பிடித்துக் கெடும் தொல்லை ஒன்று இருந்தது. 1920-களில் ரெமிங்டன் ஸ்தாபனத்தார் ‘க்ளீன்போர்’ என்னும் துருவேற்றாத மருந்துத் தோட்டாவை வெளியிட்ட பின் அதுவும் தணிந்தது.

இதன் மந்தகதியும் ஓர் ஆசிரியனே. குண்டு குழலைக் கடந்து செல்லச் சற்றே நேரம் எடுத்துக்கொள்வதால், விசையை இழுத்தவுடன் பிடியைத் தளர்த்துகிறவனுடைய பிழையை அட்டை காட்டிக் கொடுத்துவிடும். காற்றின் விஷயம் இன்னும் விசேஷமானது. அதிவேகத் தோட்டாவைக் காற்று குறைவாகத்தான் ஒதுக்கும் என்று எவரும் எண்ணுவர். இங்கே நடப்பது நேர்மாறு. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டு காற்றின் தடையினால் தன் வேகத்தை விரைவில் இழந்துவிடுகிறது, அவ்விழப்பின் அளவுக்கேற்பவே பக்கக் காற்று அதை அதிகமாக ஒதுக்குகிறது. ஆதலால் போட்டிக்குரிய தோட்டாக்களை ஒலிவேகத்திற்குச் சற்றுக் கீழே, விநாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் செல்லும்படி செய்கிறார்கள். நிதானமாகச் செல்வதே செம்மையாகச் செல்கிறது என்ற இந்த உண்மையைவிட இத்தோட்டாவில் எனக்கு வியப்பூட்டுவது வேறில்லை.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் தம் வீரர்களின் குறி தவறுவதைக் கண்டு கவலையுற்ற பிரிட்டனில், சேனாபதி லார்டு ராபர்ட்ஸ் முதலியோரின் ஊக்கத்தால், 1901-இல் உழைப்பாளிகளுக்கான துப்பாக்கிக் கழகங்களின் சங்கம் ஒன்று தோன்றியது. விரிந்த மைதானம் இல்லாத ஊர்களிலும் சிறு இடத்தில் பழக இத்துப்பாக்கி இடந்தந்தது. 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிலேயே சிறுதுளைப் போட்டிகள் இடம்பெற்றன. பனிச்சறுக்கோடு துப்பாக்கிச் சுடுதலை இணைத்த பயத்லான் போட்டியில், அதுவரை வழங்கிய பெருந்துளை ரைபிள்களை 1978-இல் கைவிட்டு, சிறுதுளைக்கு மாறி, குறியையும் 50 மீட்டர் தூரத்திற்குக் கொண்டுவந்தார்கள். விநோதத்திற்காகச் சுடுவோருக்கென எழுந்தவற்றுள் 1964-இல் வந்த ரூகர் 10/22 மிகுந்த பிரசித்தி பெற்றது.

இத்தனை சாதுவானது என்பதால் அஜாக்கிரதைக்கு இடமில்லை. மேல்நோக்கிச் சுட்ட குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் சென்று விழக்கூடும்; குறிக்குப் பின்னே உறுதியான மண்மேடு இல்லாத இடத்தில் இதைச் சுடலாகாது.

50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுடவேண்டிய அப்போட்டியில், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றார். நம் நாட்டில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு இத்துப்பாக்கி அறிமுகமாவது தேசிய மாணவர் படை முகாம்களில்தான். தரையில் விரித்த விரிப்பில் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, பையன் ஐந்து தோட்டாக்களைச் சுடுகிறான். ஹவில்தார் அட்டையைக் கழற்றி வந்து, ஐந்து துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்பதை முதலில் அளக்கிறார். அவை நடுவில் பட்டனவா என்பதை அதன் பிறகுதான் பார்க்கிறார்.