பறவைக் காய்ச்சல் தடுப்பூசியும் தும்மும் ஃபெரட்டும்

ஒரு தடுப்பூசி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேரான வழி, ஊசி போட்டுவிட்டு நோயைக் கொடுத்துப் பார்ப்பதுதான். பறவைக் காய்ச்சலில் அதற்கு வழியே இல்லை. 1997-ல் ஹாங்காங்கில் எச்5என்1 கிருமி தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்துபோனார்கள். அதை யார் மூக்கில் விட்டுப் பார்ப்பது?

மனிதனுக்குப் பதிலாக அந்த இடத்தில் நின்றது ஃபெரட். கீரிப்பிள்ளை மாதிரி நீளமாக இருக்கும், ஐரோப்பாவில் முயல் பிடிக்க வளர்த்த பிராணி.

இது ஆய்வகத்துக்குள் வந்த கதை சுவாரஸ்யமானது. 1933-ல் இங்கிலாந்தில் ஃப்ளூ பரவியபோது வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரை ஃபெரட்டின் மூக்கில் விட்டார்கள். இரண்டே நாளில் காய்ச்சல், தும்மல்! ஏன் ஃபெரட் என்கிறீர்களா? நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஆராய்ச்சிக்காக அங்கே ஏற்கனவே அதை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 1936-ல் நோயுற்ற ஃபெரட் ஒன்று சார்லஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற ஆய்வாளர் மீது தும்ம, அவருக்கும் ஃப்ளூ வந்துவிட்டது. மனிதனுக்கு வருவது அதற்கும் வரும், அதற்கு வருவது மனிதனுக்கும் வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, 1997-க்கு வருவோம். ஃப்ளூ தடுப்பூசிக்கான வைரஸைப் பெரும்பாலும் கோழி முட்டையில்தான் வளர்ப்பார்கள். கோழியையே கொல்லும் எச்5என்1 முட்டைக்குள் இருக்கும் கருவை விட்டுவைக்குமா? அதனால் வைரஸின் மரபணுவில் கொடிய பகுதியை நீக்கி, சாதுவான வைரஸாக மாற்றிப் பிறகு வளர்த்தார்கள். அப்படிச் செய்த தடுப்பூசியை ஃபெரட்டுக்குப் போட்டு, பின்னர் 2004-ல் வியட்நாமில் கிடைத்த வைரஸை மூக்கில் விட்டார்கள். ஊசி போடாதவை செத்தன, போட்டவை பிழைத்தன. இன்னொரு வகை எச்5 வைரஸிலிருந்து செய்த ஊசிகூட உயிரைக் காத்தது!

மனிதர்களிடம் ரத்தத்தில் ஆன்டிபாடி எவ்வளவு என்று மட்டுமே பார்க்க முடிந்தது. 2007-ல் அமெரிக்க அரசு எச்5என்1 தடுப்பூசிக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது. 90 மைக்ரோகிராம் வீதம் இரண்டு ஊசி. வழக்கமான ஃப்ளூ ஊசியில் ஒரு வகை வைரஸுக்கு 15 மைக்ரோகிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! அவ்வளவு போட்டும் 45 சதவீதம் பேருக்குத்தான் போதுமான ஆன்டிபாடி வந்தது.

மீதி 55 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிடலாமா? எனக்குத் தோன்றவில்லை. ஃபெரட் சோதனைகளில் ஆன்டிபாடி சரியாகத் தென்படாதவையும் பிழைத்திருக்கின்றன.