சின்ன மாமியும் சுராங்கனியும்: ஈழத்துப் பொப் இசை வந்த வழி

ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை, 1960களின் பிற்பகுதியில் தொடங்கி 1980களின் முற்பகுதி வரை செழித்த ஒரு பாடல் வகை. துள்ளிசை என்றும் சொல்வார்கள். எத்தாளையில் இருந்து இதை எழுதும் எனக்கு, அதன் கதையை யாழ்ப்பாணத்தில் அல்லாமல் புத்தளத்தில் தொடங்குவதே பொருத்தமாகப் படுகிறது. அந்தப் பாடல்களின் தாளத்துக்கு இந்தக் கரையோரத்திலும் ஒரு வேர் இருக்கிறது.

தாளத்தின் பழைய கதை

புத்தளம் நகருக்கு அருகே சிரம்பியடியவில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் சிலர் வாழ்கிறார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் இவர்கள். இவர்களுடைய பாட்டுக்கு ‘மஞ்சா’ என்று பெயர். தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, போத்தல் ஆகியவையும் அதற்கு வாத்தியங்கள். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். அந்த மொழி அன்றாடப் பேச்சில் இருந்து போய்விட்டது, பாட்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதே மரபின் இன்னொரு கிளை மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா. இவற்றில் இருந்துதான் பைலா உருவானது. ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து அந்தப் பெயர் வந்தது. பொலிஸ் திணைக்களத்தில் பணியாற்றிய வொலி பஸ்தியான்ஸ் அதைச் சிங்களப் பாடல் வடிவமாகப் பரப்பினார்.

பைலாவின் அடிப்படை ஆறு எண்ணிக்கைத் தாளம். அதை இரண்டு மூன்றாகவும் கேட்கலாம், மூன்று இரண்டாகவும் கேட்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று உரசும்போது பிறக்கும் அசைவுதான் கேட்பவரை உட்கார விடாமல் செய்கிறது.

ஹார்டியில் பிறந்த பாட்டு

1950களில் ஹரி பெலஃபொன்டேயின் கலிப்ஸோ பாடல்கள் உலகெங்கும் பரவின. இலங்கையிலும் கிற்றார், பொங்கோ, மராக்காஸ் சகிதம் கலிப்ஸோக் குழுக்கள் முளைத்தன. தமிழ் இளைஞர்களும் அவற்றைக் கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் பாடத் தொடங்கிய பாடல்களே ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ போன்றவை. முன்னது மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் கேலிப் பாட்டு. பின்னது குடிக்கு எதிரான புத்திமதி. இரண்டிலும் கேட்பது வீட்டு முற்றத்துப் பேச்சு.

அன்று எங்கள் காதில் விழுந்த தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் தென்னிந்தியச் சினிமாப் பாட்டுத்தான். அதற்குப் பெரிய வாத்தியக் குழுவும் ஒலிப்பதிவுக் கூடமும் வேண்டும். பொப் பாட்டுக்கு ஒரு கிற்றாரும் மூன்று நான்கு சுரக்கூட்டுகளும் கைதட்டலும் போதும். கல்லூரி விடுதியிலும் கோயில் வீதி மேடையிலும் அதைப் பாடலாம்.

ஏ.ஈ. மனோகரன் இந்த இசையைக் கடல் கடந்து கொண்டுபோனார். சிங்களமும் தமிழும் கலந்த ‘சுராங்கனி’ தமிழ்நாட்டில் பட்டிதொட்டி எங்கும் ஒலித்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

காலமும் கைகொடுத்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர் எழுத்துக்கும் கலைக்கும் இடம் திறந்தன. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இந்தப் பாடல்களை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது.

யுத்தம் எடுத்துக்கொண்டது

1983 ஜூலைக்குப் பின்னர் இரவு நேர மேடைகள் குறைந்தன. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கேட்டவர்களும் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். எழுச்சிப் பாடல்கள் மேலெழுந்தன, கேலியும் காதலும் பின்னுக்குப் போயின.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். சில மணித்தியால அவகாசத்தில் வீட்டை விட்டவர்கள் கசற் பெட்டியையா தூக்கி வந்திருப்பார்கள்? 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்த வன்னி மக்களுக்கும் இதே கேள்விதான். எந்தத் தரப்பால் இடம்பெயர்ந்தோம் என்பது வேறுபடலாம். வீட்டோடு பாட்டும் போனது என்பது எல்லோருக்கும் பொது.

லத்வியாவில் நடந்தது

இரண்டு மில்லியனுக்கும் குறைவான மக்கள் வாழும் பால்டிக் நாடு லத்வியா. சோவியத் ஆட்சியின் கீழ் இருந்தபோதும் அதன் வானொலி 1968 முதல் ஆண்டுதோறும் நேயர்களின் வாக்கில் சிறந்த லத்வியப் பாடல்களைத் தெரிவுசெய்தது. 1981இல் றைமொண்ட்ஸ் பௌல்ஸ் இசையமைத்த ஒரு பாடல் வெளிவந்தது. பெண் பிள்ளைக்கு வாழ்வைத் தந்த தெய்வம் மகிழ்ச்சியைத் தர மறந்தது என்பது அதன் கரு. அதே மெட்டு ருஷ்ய மொழியில் வேறு வரிகளோடு அல்லா புகச்சோவாவின் குரலில் சோவியத் ஒன்றியம் முழுவதும் ஒலித்தது. பௌல்ஸ் பின்னர் கலாசார அமைச்சரானார். 1991இல் சுதந்திரம் மீண்ட லத்வியா, 2002இல் யூரோவிஷன் போட்டியில் வென்றது.

மெட்டு வேறு மொழிக்குப் போய்ப் புகழ் பெற்றதில் சுராங்கனிக்கும் அந்தப் பாட்டுக்கும் ஒற்றுமை உண்டு. ஆனால் லத்வியப் பாடல்களைப் பதிந்து, வரிசைப்படுத்தி, காக்க அவர்களுக்கென்று நிறுவனங்கள் இருந்தன. எங்கள் பாடல்களைக் காத்தவை பெரும்பாலும் வீட்டு அலுமாரிகளே.

இன்று செய்யக்கூடியது

இசை நின்றுவிடவில்லை. லண்டனில் இருந்து எம்.ஐ.ஏ. 2005இல் ‘அருளர்’ தொகுப்போடு வந்தார். 2021இல் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ இலங்கைத் தேயிலைத் தோட்ட உழைப்பின் நினைவையும் சுமந்தது. ஆனால் 1970களின் மேடைப் பதிவுகள் அழிந்தால் அவற்றை மீண்டும் உண்டாக்க முடியாது. காந்த நாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், உப்புக் காற்று வீசும் எங்கள் கரையில் கருவியும் துருப்பிடிக்கும்.

உங்களிடம் பழைய கசற்றோ இசைத்தட்டோ இருந்தால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். முதல் தடவை ஓடவிடும்போதே கணினியில் பதிவுசெய்யுங்கள். பாடியவர், வாசித்தவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தெரிந்தவரை எழுதி வையுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் நூல்களோடு ஒலி ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. பெட்டியில் கிடப்பதை அங்கே சேர்த்தால், வேறு நாட்டில் பிறந்த பேரப்பிள்ளையும் அதைக் கேட்கலாம்.